ஒப்பந்தத்தில் ஒப்பு எங்கே?

என் மேசை இழுப்பறையில் எட்டுப் பக்கங்கள் கொண்ட ஒரு தாட்கட்டுக் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தின் அடியில் என் கையொப்பம் இருக்கிறது. அதற்கு மேலே, 'இந்நிபந்தனைகள் யாவற்றையும் வாசித்து விளங்கிக்கொண்டேன்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம். பதினோராண்டுகளாகத் தமிழ் படிப்பித்து வருபவன் நான். ஒரு வரியை இரண்டு முறை வாசியுங்கள் என்று மாணவருக்கு நாள்தோறும் சொல்பவன். நான் எழுத்திலே ஒப்புக்கொண்ட பெரும்பொய் அந்த வாக்கியந்தான். அந்தத் தாட்கட்டை நான் வாசிக்கவில்லை.

அது ஒரு கைத்தொலைபேசி ஒப்பந்தம். இத்தனை சிறிய விஷயத்தைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அந்த எட்டுப் பக்கங்களிலிருந்து வெளியே வருவதற்கு நான் பட்ட பாட்டில், பல்கலைக்கழகத்தில் படித்தபோது கிடைக்காத ஒரு பாடம் எனக்குக் கிடைத்தது. அதை என்னுடனேயே வைத்திருப்பது முறையாகாது.

2021 மே மாதம். தொற்றுநோயினால் பாடசாலைகள் மறுபடியும் மூடப்பட்டிருந்தன. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, திருகோணமலை உட்துறைமுகக் கரையை அண்டி வாழ்பவர் ஒரு கடற்றொழிலாளி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணர் என்பேன். அவர் என்னைச் சேர் என்பார். அவருடைய மகள் சாதாரண தரப் பரீட்சை வகுப்பில் என்னிடம் படித்தவள். ஒருநாள் மாலை அவர் வந்து படலையடியில் நின்றார்.

"சேர், பிள்ளைக்கு ஒரு போன் எடுக்கோணும். வகுப்பெல்லாம் இப்ப போனிலதானே நடக்குது. மாதம் மாதம் கட்டுற மாதிரித் தாறாங்களாம். ஆனா என்ர பேரில தரமாட்டினமாம். சம்பளச் சீட்டுக் கேக்கினம்."

கடலுக்குச் சம்பளச் சீட்டுக் கொடுக்கத் தெரியாது. எனக்கோ அரசாங்கம் மாதந்தோறும் அதைத் தருகிறது. மறுநாள் இருவரும் நகருக்குப் போனோம். முகக்கவசம் அணிந்த இளைஞன் ஒருவன் பக்கங்களைப் புரட்டிப் புரட்டி, "இதில சைன், இதில சைன்" என்று விரலால் காட்டினான். வெளியே வரிசை நீண்டிருந்தது. மூன்றாம் பக்கத்தோடு என் கண் களைத்துவிட்டது. அண்ணர் என் முகத்தைப் பார்த்தார். "இருபத்துநாலு மாதம் கட்டவேண்டும், அவ்வளவுதான்" என்றேன். எட்டுப் பக்கங்களுக்கு நான் செய்த மொழிபெயர்ப்பு அது.

கருவியின் தவணை 1,900 ரூபா, இணைப்புக் கட்டணம் 1,150 ரூபா, மாதம் 3,050. ஒப்பந்தம் என் பெயரில், பணம் அவருடையது. எட்டாம் திகதிக்கு முன்னரே அவர் காசைக் கொண்டுவந்து என் கையில் தந்துவிடுவார். ஒரு மாதமேனும் பிந்தியதில்லை.

இங்கே என்னைப் பற்றிய ஒன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். அவ்வாண்டு யூலையில், 24 ஆண்டுகளாக இழுபட்டு வந்த ஆசிரியர் அதிபர் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கும்படி கோரி நம் தொழிற்சங்கங்கள் நிகழ்நிலைக் கற்பித்தலிலிருந்து விலகின. ஒக்ரோபர் பிற்பகுதி வரை அப்போராட்டம் நீடித்தது. நானும் விலகினேன். அதற்காக இன்றும் நான் வருந்தவில்லை. ஆனால் அந்த மாதங்களிலும் அண்ணர் எட்டாம் திகதிக்கு முன்னரே காசு கொண்டுவந்தார். வகுப்பு நடக்காத தொலைபேசிக்கு, வகுப்பை நடத்தாத ஆசிரியனின் கையில், உழைத்த காசைத் தந்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவரே சொன்னார்: "உங்கட நியாயம் எனக்கு விளங்குது சேர். ஆனா இந்த பில்லுக்கு விளங்காதே."

பிறகு 2022 வந்தது. அந்த ஆண்டைப் பற்றி இந்நாட்டு வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. எரிபொருள் வரிசைகளில் நாள்கள் கழிந்தன. டொலருக்கு 200 ரூபா அளவில் இருந்த நாணயம் சில வாரங்களுக்குள் 360ஐ எட்டிச் சரிந்தது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் காய்ந்தன. அந்தக் கொந்தளிப்பின் நடுவிலும், பிந்திவந்த சாதாரண தரப் பரீட்சையை மே மாதத்தில் அந்தப் பிள்ளை எழுதினாள். ஆகஸ்ட் 21 நள்ளிரவோடு மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. அண்ணர் ஒருமுறை தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் வேண்டும். நேற்று வரை 1,740 ரூபாவுக்கு முடிந்த பயணம் இன்று 6,800 ரூபா. வலையில் மீன் படுமா என்பது கடலுக்கே வெளிச்சம். எண்ணெய்க்கு முன்கூட்டியே காசு கட்டவேண்டும்.

இயந்திரத்தை அவர் விற்றார். மனைவி குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனார். அதே செப்டெம்பரில், ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியோடு நாடெங்கும் தொலைபேசிக் கட்டணங்கள் நூற்றுக்கு 20 வீதம் ஏற்றப்பட்டன. பெறுமதி சேர் வரியும் யூன் மாதத்தில் 8 வீதத்திலிருந்து 12 வீதமாகி, செப்டெம்பரில் 15 வீதமாகியிருந்தது. எங்கள் 1,150 ரூபா 1,380 ரூபாவாகிவிட்ட செய்தி ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தியாக வந்தது. எங்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

"சேர், இனி ஏலாது. இதை நிற்பாட்டலாமோ?" என்று அண்ணர் கேட்டபோது பதினேழு மாதக் காசு கட்டியாகிவிட்டது. ஏழு மாதங்கள் மீதி.

நகரத்துக் கிளையில் கருமபீடத்திலிருந்த பெண்பிள்ளை மிகவும் பணிவாகப் பேசினாள்.

"நிற்பாட்டலாம் சேர். ஆனா மிச்ச மாதங்களின்ர காசு முழுக்க ஒரேயடியாக் கட்டோணும். 22,960 ரூபா. வரி வேற."

"இணைப்பே இல்லாத மாதங்களுக்கும் கட்டணமா?"

"அக்றீமென்ற்ல அப்பிடித்தான் இருக்கு சேர். பத்தொன்பதாவது நிபந்தனை."

"கையொப்பமிடும்போது 1,150 என்றுதானே இருந்தது? அது 1,380 ஆனது எப்படி?"

"அதுவும் இருக்கு சேர். கட்டணத்தை மாத்துற உரிமை கொம்பனிக்கு இருக்கு. இருபத்திரண்டாவது."

அவள் மீது எனக்குக் கோபம் வரவில்லை. என் முகவாட்டத்தைக் கண்டு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் ஆறு மாதக் கொன்ற்றாக்ற்தான் சேர். அவை நினைச்சா நாளைக்கே நிற்பாட்டுவினம்" என்றாள். கருமபீடத்துக்கு இப்பாலும் அப்பாலும் ஒரே நிலைமைதான் என்பதை அவள்தான் எனக்குச் சொன்னாள்.

அன்றிரவு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எட்டுப் பக்கங்களையும் முதன்முறையாக வாசித்தேன். ஏழாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. யுத்தம், வெள்ளம், புயல், தொற்றுநோய், வேலைநிறுத்தம், அரசாங்கத்தின் கட்டளை ஆகிய தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட காரணங்களால் தன் கடமையை ஆற்ற முடியாது போனால் நிறுவனம் பொறுப்பாகாது என்று அது சொன்னது. அந்தப் பட்டியலை நான் மறுபடியும் வாசித்தேன். அது எங்கள் ஊரின் சரித்திரம்! முப்பதாண்டு யுத்தம், 2004ஆம் ஆண்டின் கடற்கோள், தொற்றுநோய், எரிபொருள் இல்லாத மாதங்கள் யாவற்றையும் அனுபவித்தவர்கள் இந்தக் கரையில் வாழும் மக்கள். ஆனால் அந்தப் பட்டியலினால் விடுதலை பெறுவது நிறுவனம் மாத்திரமே. வாடிக்கையாளருக்கு அப்படியொரு பட்டியல் எந்தப் பக்கத்திலும் இல்லை.

தமிழ் படித்தவனுக்கு அந்நேரத்தில் சேக்கிழார்தான் நினைவுக்கு வந்தார். பெரியபுராணத்தில், சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு கிழவேதியர் ஓலையோடு நுழைகிறார். உன் பாட்டன் தன்னையும் தன் மரபையும் எனக்கு அடிமையென எழுதித் தந்தான் என்கிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழிக்கிறார். கிழிக்கப்பட்டது படியோலைதான்; மூலவோலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையிலே வெளிவருகிறது. பாட்டனின் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த சபையோர் வேதியர் பக்கம் தீர்ப்புச் சொல்கின்றனர். வந்தவர் இறைவன் என்பதால் அங்கே அடிமைத்தனமே பேறாகிவிடுகிறது. ஆனால் ஓலையைக் காட்டி ஆளைக் கட்டும் வழக்கம் தெரியாத சமுதாயத்தில் அந்தக் கதை பிறந்திருக்க முடியாது. எழுத்து யாருடையது என்று சபை பார்த்தது. எழுதும்போது பாட்டனின் நிலை என்னவாயிருந்தது என்று கேட்கவில்லை.

அவ்வளவு தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. நம் மலைநாட்டுத் தோட்டங்களில் 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கடனை அடைத்தால் இந்தத் தொழிலாளரை விடுவிப்பேன் என்று தோட்டத்துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. துண்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது. புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டும். கடன் தொழிலாளரோடு சேர்ந்து நடந்து போகும். 1921இல் சட்டம் அந்தத் துண்டை ஒழித்தது. தோட்டத் தொழிலாளியின் துயரத்தையும் ஒரு தொலைபேசிக் கட்டணத்தையும் ஒரே தராசில் வைப்பதாக யாரும் எண்ணவேண்டாம். சீட்டின் வேலை ஒன்றுதான் என்பதையே சொல்கிறேன்: வெளியேறும் வாசலில் ஒரு கடனை உட்கார வைப்பது.

சூழ்நிலை மாறினால் சொன்ன சொல்லை மாற்றலாமா என்று நியாயவாதிகள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். ஆனால் 2022ஆம் ஆண்டில் சொல்லை மாற்றியவர்கள் யார் யார்? ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. அதை நான் குறைகூறவில்லை. மருந்துக்கும் எரிவாயுவுக்கும் வழியில்லாத நாடு வேறென்ன செய்யும்? கடன்கொடுத்தோர் பேச்சுக்கு வந்தனர். 2024 திசெம்பரில் பழைய முறிகள் புதிய முறிகளாக மாற்றப்பட்டன. அதற்கு 'மறுசீரமைப்பு' என்று கௌரவமான பெயரும் கிடைத்தது. செலவு கூடிவிட்டது என்றன தொலைபேசி நிறுவனங்கள், கட்டணம் திருத்தப்பட்டது. எண்ணெய் விலையும் அப்படியே 'திருத்தப்பட்டது'. நாட்டின் சூழ்நிலை மாறியது, நிறுவனங்களின் சூழ்நிலை மாறியது. இயந்திரத்தை விற்ற மனிதனின் சூழ்நிலை மாத்திரம் 2021 மே மாதத்திலேயே நிற்கவேண்டுமாம்! அவன் பேச வந்தால் அதற்குப் பெயர் ஒப்பந்த மீறல்.

எங்கள் துறைமுகத்துக்கு இந்த விஷயத்தில் நீண்ட ஞாபகம் உண்டு. சுதந்திரத்துக்கு முன்னர், 1947 நவம்பரில், பிரித்தானியரோடு ஒரு பாதுகாப்பு உடன்படிக்கை கையொப்பமாயிற்று. அதன் நிழலிலேயே பிரித்தானியக் கடற்படை இங்கு தங்கியிருந்தது. 1956இல் ஆட்சி மாறியது. காலம் மாறிவிட்டது, இனி இத்தளம் எங்களுக்கு வேண்டும் என்று பண்டாரநாயக்கா அரசாங்கம் பேசியது. 1957 ஒக்ரோபரில் தளம் கையளிக்கப்பட்டது. ஒரு பேரரசே மாறிய சூழ்நிலையை மதித்துக் கொடியை இறக்கிய துறைமுகத்தின் கரையில், ஒரு கடற்றொழிலாளியின் மாறிய சூழ்நிலையை மதிப்பதற்கு ஒரு படிவத்தில் இடமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டின் பொதுச்சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, ஒரு கடமையை ஆற்றுவது இயலாததாகிவிட்டால் ஒப்பந்தம் தீரும். கடினமாகிவிட்டது என்பது மட்டும் போதாது. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க, நியாயமற்ற ஒப்பந்த நியதிகள் பற்றிய சட்டம் ஒன்று உண்டு. அச்சடித்த படிவத்தைக் கொண்டு பலமான தரப்பு தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும்போது, அது நியாயமானதா என்று கேட்பதற்கு அது இடம் தருகிறது. ஆனால் அதைக் கேட்க வழக்குத் தொடரவேண்டும். 22,960 ரூபாவுக்காக யார் நீதிமன்றப் படியேறுவார்?

வெளியுலகில் வேறு வழிகளும் காணப்பட்டுள்ளன. 2018ஆம் ஆண்டின் ஐரோப்பியச் சட்டக்கோவை, வாடிக்கையாளரை 24 மாதங்களுக்கு மேல் கட்டிவைக்கலாகாது என்கிறது. நிறுவனம் தானாக நிபந்தனையை மாற்றினால், அம்மாற்றம் முற்றிலும் வாடிக்கையாளருக்கு நன்மையானதாகவோ சட்டத்தால் விதிக்கப்பட்டதாகவோ இல்லாவிடின், அவர் மேலதிகச் செலவின்றி விலகலாம் என்றும் சொல்கிறது. அமெரிக்காவில், படைவீரர் ஒருவர் 90 நாள்களுக்குக் குறையாமல் அந்த இணைப்பு எட்டாத இடத்துக்கு மாற்றப்பட்டால், தண்டமின்றித் தொலைபேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள மத்திய சட்டமே உரிமை தருகிறது. சூழ்நிலை மாற்றம் என்ற ஒன்றைச் சட்டத்துக்கு விளங்காமலில்லை. துப்பாக்கி ஏந்தியவனுக்கு விளங்கிய சட்டம் வலை ஏந்தியவனுக்கும் விளங்கலாம் அல்லவா?

இவற்றையெல்லாம் நான் ஆவேசத்தோடு அண்ணருக்கு விளக்கினேன். "ஒரு சதமும் கட்டவேண்டாம். ஒப்பந்தம் என் பெயரில்தானே? வருவது வரட்டும்" என்றேன். அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார்.

"அப்பிடி இல்லை சேர். போன் நாங்கள் வாங்கின சாமான். பிள்ளை அதிலதான் படிச்சது. அதின்ர காசு குடுக்கத்தான் வேணும். பேசாத பேச்சுக்குக் காசு குடுக்கிறதுதான் அநியாயம்."

சட்டப் புத்தகங்களில் நான் தேடிக்கொண்டிருந்த பாகுபாட்டை அவர் இரண்டே வாக்கியங்களில் வகுத்துவிட்டார். பெற்றதற்குக் கொடுப்பது கடமை. பெறாததற்குப் பறிப்பது சுரண்டல். ஏழு மாதக் கருவித் தவணை 13,300 ரூபா, அது கடன். ஏழு மாத இணைப்புக் கட்டணம் 9,660 ரூபா, அது தண்டம்.

இன்னொன்றும் சொன்னார். "நம்பரை மட்டும் விட்டிடாதேங்கோ சேர். மனிசிக்கு இந்த ஒரு நம்பர்தான் பாடம்." குவைத்தில் யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையிலிருந்து, வெள்ளிக்கிழமைகளில் அந்த அம்மா அழைப்பது அந்த எண்ணுக்குத்தான். ஒப்பந்தத்தை வெறுமனே முறித்திருந்தால் அந்த எண் போயிருக்கும். என் வீராவேசம் ஒரு தாயின் குரலை அறுத்திருக்கும் என்று எண்ணியபோது நான் வெட்கப்பட்டேன்.

தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். ஒப்பந்த எண், கட்டிய பதினேழு மாதங்களின் பற்றுச்சீட்டுகள், கட்டண உயர்வு வந்த மாதம் யாவற்றையும் வரிசைப்படுத்தினேன். மூன்று கோரிக்கைகள்: கருவியின் மீதியைத் தவணையாகக் கட்ட அனுமதிக்கவேண்டும், வழங்காத சேவைக்கான கட்டணத்தை நீக்கவேண்டும், எண்ணை முற்கொடுப்பனவு இணைப்பாக மாற்றித் தரவேண்டும். 1997ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டேன். அடியில், 'பிரதி: தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு' என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முதலில் தொலைபேசியில் ஒருவர் பேசினார். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினால் வசதியாயிருக்கும் என்றார். "தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது ஐயா" என்றேன். அது அரசாங்கத்துக்குத்தானே, தனியாருக்கு அல்லவே என்றார். அவர் சொன்னது சரிதான். ஆனாலும் நான் மொழிபெயர்க்கவில்லை. ஆங்கிலத் தாளைத் தமிழில் சரியாகச் சொல்லாமல் விட்டவன், தமிழ்த் தாளை ஆங்கிலத்தில் சொல்ல அவசரப்படுவதற்கு நியாயமில்லை.

மூன்று வாரங்களுக்குப் பின் பதில் வந்தது. 'விசேட சலுகையாக' இணைப்புக் கட்டணம் விலக்கப்படுகிறது. 13,300 ரூபாவை நாலு தவணைகளிற் கட்டலாம். எண் முற்கொடுப்பனவுக்கு மாற்றப்படும். கடிதத்தின் வாதமா, அடியிலிருந்த பிரதி வரியா, உள்ளேயிருந்த ஒரு மனிதரின் இரக்கமா, எது வேலை செய்தது என்பதை நான் அறியேன். ஒரு தவணையையாவது நான் கட்டுகிறேன் என்று அண்ணரிடம் கேட்டேன். மறுத்துவிட்டார். கடைசித் தவணை குவைத்திலிருந்து வந்த காசில் தீர்ந்தது. இப்போது அந்த எண்ணுக்கு வசதிப்பட்டபோது நூறு ரூபா ரீலோட் போடுகிறார். அம்மா அழைத்தால் மணி அடிக்கிறது. அதற்குக் காசு வேண்டியதில்லை.

இதை வெற்றி என்று நான் கொண்டாட மாட்டேன். கிடைத்தது சலுகை, கேட்டது உரிமை. கடிதம் எழுத ஓர் ஆசிரியன் அயலில் இல்லாத கடற்றொழிலாளி என்ன செய்வார்? முழுவதையும் கட்டுவார், அல்லது கட்டாமல் விட்டு, பெயர் கெட்டு, நாளைக்கு ஒரு படகுக் கடனும் எடுக்க முடியாமல் நிற்பார்.

ஆகவே நண்பர்களே, நம்மாலியன்றதைச் செய்வோம். ஒப்பமிடுபவருக்கு விளங்கும் மொழியிலே ஒப்பந்தம் இருக்கவேண்டும். நிறுவனம் விலையை மாற்றினால் வாடிக்கையாளர் தண்டமின்றி விலக வழி இருக்கவேண்டும். தொழில் இழந்தவருக்கும் நோயாளிக்கும், வழங்காத சேவையின் கட்டணம் நீங்கவேண்டும். இவற்றை நம் சங்கங்களின் தீர்மானங்களிற் சேர்க்கலாம். சம்பளப் போராட்டத்தில் நம்மைப் பொறுத்துக்கொண்ட பெற்றோருக்கு நாம் பட்ட கடன் அது. வகுப்பறையில் நான் தொடங்கிவிட்டேன். பத்தாம் வகுப்பில், கட்டுரைப் பாடவேளை ஒன்றில், மாதமொருமுறை ஒரு படிவத்தைக் கொடுத்து வாசிக்கச் செய்கிறேன். யாருக்கு எத்தனை உரிமை, யாருக்கு எத்தனை கடமை என்று பிள்ளைகள் இரண்டு நிரல்களில் எழுதுகிறார்கள். ஒரு நிரல் எப்போதும் நீளமாயிருப்பதை அவர்களே கண்டு சிரிக்கிறார்கள்.

ஒப்பந்தம், ஒப்புதல், கையொப்பம் என்ற சொற்களிலெல்லாம் 'ஒப்பு' என்ற ஒலி கேட்கிறது. ஒப்பு என்றால் உடன்பாடு. ஒப்பு என்றால் சமத்துவமும் ஆகும். சமமில்லாதவர் இருவர் இடும் ஒப்பத்தில் முதலாவது பொருள் இருக்கலாம், இரண்டாவது இல்லை. அது வரும்வரை அந்த எட்டுப் பக்கங்களும் என் இழுப்பறையிலேயே இருக்கட்டும். நான் வாசிக்காமற் கையொப்பமிட்டதை அவை எனக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கும்.